வெளிச்சம் நூறு

ஜனவரி 1, புதன்

என் பெயர் சென்னியப்பன். வயது எழுபத்தொன்று. இதை நானே எழுதுகிறேன்.

இந்த மூன்று வாக்கியம் எழுதி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிட்டது. ஆறிய காப்பியும் நன்றாகத்தான் இருந்தது.

மாநகராட்சிப் பள்ளியில் சாயங்காலம் நாலு மணிக்கு எங்களுக்கு எழுத்தறிவு வகுப்பு. பதினோரு பேர் படிக்கிறோம். அதில் நான் ஒருவன்தான் ஆண். ரெஜினா டீச்சர் ஆளுக்கொரு நோட்டு கொடுத்து, "தினமும் நாலு வரி எழுதுங்க. மார்ச் 23 பரீட்சை" என்றார். தேறினால் சான்றிதழ். அதில் என் பெயர் அச்சில் வரும்.

ஒரு பக்கத்தில் பதினெட்டுக் கோடு இருக்கிறது. எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன்.

ஜனவரி 3, வெள்ளி

நான் முப்பத்துநாலு வருடம் ஒரு கான்ட்ராக்டரிடம் கரண்டுக் கம்பத்துக்குக் குழி தோண்டினேன். ஐந்தடி ஆழம். கோயமுத்தூரைச் சுற்றி எத்தனை குழி என்று கணக்கில்லை. ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு தகரம் அடிப்பார்கள். மண்டை ஓடும் இரண்டு எலும்பும் இருக்கும். அதன் கீழே ஏதோ எழுதியிருக்கும். எனக்கு மண்டை ஓடு மட்டும் தெரியும்.

இன்று வகுப்புக்குப் போகும் வழியில் நின்று படித்தேன். அ. பா. ய. ம். அபாயம். இத்தனை வருடமும் அது என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. சந்தோஷத்தில் சிரித்துவிட்டேன். அந்த வார்த்தைக்குச் சிரித்த ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஜனவரி 6, திங்கள்

என் மருமகள் வசுமதியைப் பற்றி எழுதுகிறேன். வீடுகளில் லைட், ஃபேன், மோட்டார் எல்லாம் தானாக எரிந்து தானாக அணைகிற மாதிரி மாட்டிக் கொடுப்பது அவள் தொழில். மாடியில் சோலார் தகடும் வைத்துத் தருவாள். எங்கள் வீடுதான் அவளுக்குக் கடை. "கரண்டு எவ்வளவு மிச்சமாகும்?" என்று கேட்பவர்களை நேராக இங்கே கூட்டி வந்துவிடுவாள். ஹாலில் ஒரு திரை இருக்கிறது. எந்த அறையில் எது ஓடுகிறது என்று அதில் தமிழில் தெரியும். என் மகன் அருள்மணிக்குப் பல்லடம் பக்கம் காற்றாலையில் வேலை. சனிக்கிழமை வருவான்.

என் அறைச் சுவரில் கண் வைத்த ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருக்கிறாள். ஆள் அசைந்தால் லைட் எரியும். பத்து நிமிடம் அசைவில்லை என்றால் ஆளே இல்லை என்று அணைத்துவிடும். நான் எழுதும்போது அசைவதில்லை. இன்று 'ழ' போட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் இருட்டு. கையைத் தூக்கி ஆட்டினேன். மறுபடி எரிந்தது.

வசுமதி வாசற்படியில் நின்று பார்த்துவிட்டாள். "ஏனுங் மாமா, யாருக்கு டாட்டா காட்டறீங்?"

"உம்பட பொட்டிக்குத்தான் கண்ணு. நான் உசுரோடதான் இருக்கறேன்னு சொன்னேன்."

அரை மணி நேரமாக மாற்றித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு ஒரு சட்டம் இருந்தால் அது எனக்கும்தான்.

ஜனவரி 12, ஞாயிறு

நிலாவைச் சுற்றி வட்டம் கட்டியிருக்கிறது. மழை வரும். மாடியில் காயும் வடகத்தை எடுக்கச் சொன்னேன்.

ஜனவரி 13, திங்கள்

மழை வரவில்லை. வடகத்துக்கு ஒரு நாள் வெயில் தவறிப்போனது என்று வசுமதி சொன்னாள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அருள்மணி வந்திருந்தான். "அப்பா, நோட்டு மூக்குல இடிக்குதுங்" என்றான்.

"எழுத்து என்ன வாசம்னு பாக்கறேன். நீ சின்னதுலயே பாத்துட்டே. நான் இப்பத்தான் பாக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கரும்பு நல்ல இனிப்பு.

தெருவிளக்குக்கும் வட்டம் கட்டியிருக்கிறது. பனிக் காலம்.

ஜனவரி 19, ஞாயிறு

நோட்டு தீர்ந்துவிட்டது. புதிது வாங்கினேன். இப்போது வருகிற நோட்டுகளில் இடம் குறைவு. ஒரு பக்கத்துக்கு ஒன்பது வரிதான் பிடிக்கிறது. கடைக்காரரிடம் சொன்னேன். "அதே நோட்டுத்தானுங்க" என்று சாதிக்கிறார். வியாபாரம் அப்படித்தான்.

ஜனவரி 21, செவ்வாய்

பெட்டி வெளிச்சத்தைத் திருடுகிறது. மிச்சம் பிடிக்கச் சொன்னாலும் சொன்னார்கள், அது கஞ்சத்தனம் செய்கிறது. என் அறை லைட்டுக்கு ஒன்றிலிருந்து நூறு வரை அளவு இருக்கிறது. "வெளிச்சம் நாற்பது" என்று சொன்னால் போதும். நோட்டு வந்த புதிதில் நாற்பதில் எழுதினேன். பொங்கலுக்கு அறுபது. இப்போது நூறு என்று சொல்லியும் நோட்டில் கோடு தெரியவில்லை.

வசுமதியைக் கூப்பிட்டேன். போனைப் பார்த்தாள், லைட்டைப் பார்த்தாள். "நூறுலதான் இருக்குதுங் மாமா. அதுக்கும் மேல வேணும்னா சூரியனத்தான் கூப்படோணும்."

சூரியனும் ஜன்னலில்தான் இருந்தது. மணி பதினொன்று. ஆனால் இந்த ஜன்னல் கண்ணாடி பழையது.

ஜனவரி 24, வெள்ளி

ஒரு காரியம் செய்தேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். டீச்சர் உள்ளதை எழுதச் சொல்லியிருக்கிறார்.

கோழித் தீவனக் கடைக்குப் போனேன். பண்ணையில் குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கக் குண்டு பல்பு வைப்பார்கள். இருநூறு வாட்டு. அந்தக் காலத்து வெளிச்சம் இப்போது அங்கேதான் கிடைக்கிறது.

கடைக்காரர் பல்பைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "எத்தன குஞ்சுங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுதான்" என்றேன்.

"ஒத்தக் குஞ்சுக்கு இருநூறு வாட்டுங்களா? வெந்து போயிருமுங்க."

"கொஞ்சம் வயசான குஞ்சு."

கட்டிலுக்குப் பின்னால் ஒரு பிளக் இருக்கிறது. ஹோல்டரும் ஒயரும் என் பழைய தகரப் பெட்டியில் இருந்தன. மாட்டிவிட்டேன். எழுத்தெல்லாம் எழுந்து உட்கார்ந்தன. ஆறு பக்கம் படித்தேன்.

அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி நாற்பத்தெட்டு வீடு உள்ள ஒரு அடுக்குமாடிச் சங்கத்தார் எங்கள் வீட்டைப் பார்க்க வருகிறார்களாம். வசுமதிக்கு இவ்வளவு பெரிய வேலை இதுவரை வந்ததில்லை. அதற்குள் பல்பைக் கழற்றிவிடுவேன்.

ஜனவரி 27, திங்கள்

பல்பு சூடு. அறை சூடானால் ஃபேன் தானாக ஓடும்படி வசுமதி வைத்திருக்கிறாள். தை மாதக் குளிரில் எனக்கு மட்டும் ஃபேன் சுற்றுகிறது. நோட்டுத் தாள் படபடக்கிறது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, முழங்கையால் தாளை அழுத்திக்கொண்டு எழுதுகிறேன். ஒரு கை வேர்க்கிறது, ஒரு கை குளிர்கிறது.

பிப்ரவரி 1, சனி

ஹால் திரையில் நானே படித்தேன். "அறை மூன்று: தெரியாத கருவி."

எழுத்துக் கூட்டாமல், நிறுத்தாமல், ஒரே மூச்சில் படித்தேன். 'ரு'வுக்கும் 'ரூ'வுக்கும்கூடத் தடுமாறவில்லை. சந்தோஷம் ஒரு நிமிடம் இருந்தது. அப்புறம்தான் அறை மூன்று என்னுடையது என்று உறைத்தது.

வசுமதி அருள்மணியிடம், "அந்த ரூம் லைன்ல எங்கியோ தெனமும் அரை யூனிட் போவுதுங். ஒயர்ல கசிவான்னு தெரியல. ஒம்பதாந் தேதி அவங்க முன்னால இது வந்துச்சுன்னா என்ன சொல்றது?" என்றாள். அவன் ஏணி வைத்து மாடிக்கு ஏறிப் பார்த்தான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ரெஜினா டீச்சர் சாக்பீஸை மிச்சம் பிடிக்கிறார். மிகவும் மெலிதாக எழுதுகிறார். முதல் பெஞ்சில் உட்கார்ந்தும் பலகையில் புகைதான் தெரிந்தது. மாதிரிப் பரீட்சையில் பதினெட்டு வார்த்தையில் ஏழுதான் சரி. போன மாதம் பதினாறு.

"என்னாச்சு ஐயா, நீங்கதானே நல்லாப் படிச்சிட்டிருந்தீங்க?" என்றார்.

பக்கத்தில் உட்காரும் கருப்பாத்தா, "அவருக்குப் பரீட்சைப் பயமுங்க டீச்சர். மார்ச்சுக்கு முந்தியே பேதி புடுங்குது" என்றாள். அந்த அம்மாவுக்கு வாய் அதிகம். பதினேழு சரி வாங்கியிருக்கிறாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பல்பைக் கழற்றிவிடுவேன் என்று எழுதியிருந்தேன். காலையில் கழற்றத்தான் நினைத்தேன். அவர்கள் பன்னிரண்டு மணிக்குத்தானே வருகிறார்கள், ஒரு பாடம் படிக்கலாம் என்று உட்கார்ந்தேன். நேரம் போனது தெரியவில்லை.

ஐந்து பேர் வந்திருந்தார்கள். சங்கச் செயலாளர் ரங்கநாதன். மற்றவர்கள் பெயர் தெரியாது. வசுமதி ஹாலில் திரையைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். அவள் குரல் எனக்குக் கேட்டது. நன்றாகச் சொன்னாள். ஆள் இல்லாத அறைக்குக் கரண்டு எதற்கு என்றாள்.

அப்புறம் ரங்கநாதன் குரல். "இதென்னம்மா, மூணாவது ரூம்ல முன்னூறு வாட்டுக்கிட்ட ஓடுது? உச்சி வெயில்ல லைட்டு, ஃபேன். உள்ள என்ன, கோழிப் பண்ணையா?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுவதற்குள் கதவு திறந்துவிட்டது. ஜன்னலில் வெயில். தலைக்கு மேலே லைட் நூறு. ஃபேன் முழு வேகம். கட்டில் கம்பியில் கோழிக்குஞ்சு பல்பு. அதற்கடியில் ஸ்வெட்டர் போட்ட கிழவன்.

வசுமதி பல்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "எங்க மாமா படிக்கறாருங். அடுத்த மாசம் பரீட்சை" என்றாள்.

"யோசிச்சுச் சொல்றோம்மா" என்று போய்விட்டார்கள். நான் மத்தியானம் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் வசுமதி என் அறையில் வந்து தரையில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"மாமா, நேத்து ராத்திரி பூரா ரூம் மூணோட கணக்கத்தான் பாத்துட்டிருந்தேனுங். நீங்க பொட்டிகிட்டச் சொன்னதெல்லாம் அதுல இருக்குது. ஒண்ணாந் தேதி நாப்பது. ஆறாந் தேதி அம்பது. பொங்கலுக்கு அறுவது. அப்புறம் எம்பது, நூறு. அப்புறம் இந்த பல்பு." போனில் ஒரு கோடு காட்டினாள். மலை ஏறுகிற மாதிரி ஏறிக்கொண்டே போனது. "வெளிச்சம் கொறையவே இல்லீங் மாமா. கூடிட்டேதான் இருக்குது."

பெட்டி கோள் சொல்லிவிட்டது.

"ஜன்னல் கண்ணாடி பழசாயிருச்சு கண்ணு" என்றேன்.

"சரிங். அந்தக் காலண்டர்ல என்ன தேதின்னு சொல்லுங்."

எதிர்ச் சுவரில் தினசரிக் காலண்டர். "பத்து" என்றேன்.

"நான் இன்னும் தாளைக் கிழிக்கலீங். ஒம்பதுதான் இருக்குது."

நான் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருவரும் அசையாமல் இருந்தோம் போலிருக்கிறது. லைட் அணைந்துவிட்டது. அவள்தான் கையை ஆட்டினாள்.

"கண்ணுல பொரையாத்தான் இருக்கும். நாளான்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்."

"வேண்டாம்" என்றேன். "நான் வகுப்பையே விட்டுடறேன். பல்பையும் கழட்டிடறேன். ஆபரேசன் வேண்டாம்."

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். இந்த நாளை எனக்குப் பிடிக்காது. இன்று அதை எழுதிவிடுகிறேன்.

என் அண்ணன் குப்புராசுக்கு முப்பது வருடத்துக்கு முன்னால் கண் ஆபரேசன் செய்தார்கள். அதற்கப்புறம் அந்தக் கண் தெரியவே இல்லை. ஆபரேசனால்தான் போனது என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். என் மனைவியிடமும் அப்படித்தான் சொன்னேன்.

ஆபரேசன் முடிந்த மூன்றாம் நாள் தைப்பூசம். தலைக்குக் குளித்துவிட்டுச் சாமி கும்பிடவேண்டும் என்றார் அண்ணன். கிணற்றில் சேந்தி ஊற்றியது நான். மூன்று குடம். நாலாம் நாள் கண் சிவந்தது, சீழ் வைத்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு காகிதம் கொடுத்திருந்தார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று அதில் போட்டிருந்ததாம். சீழ் வைத்த பிறகு, பஞ்சாயத்து கிளார்க் படித்துச் சொன்னார். அந்தக் காகிதம் அண்ணன் சட்டைப் பையில் மடித்தபடியே இருந்தது. எங்கள் இருவருக்கும் படிக்கத் தெரியாது. வாயாலும் சொல்லியிருப்பார்கள். சாமி நாள் என்றதும் எங்கள் காதில் எதுவும் நிற்கவில்லை.

அண்ணன் கடைசிவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இதை எழுதி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. பக்கத்துக்கு நாலு வரி.

பிப்ரவரி 12, புதன்

நோட்டை வசுமதியிடம் கொடுத்து நேற்றைய பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். படித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அந்தக் காகிதத்த இப்ப உங்க கையில குடுத்தா நீங்களே படிச்சுருவீங்கல்ல மாமா?" என்று கேட்டாள்.

நான் அப்படி யோசித்ததே இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

ஆஸ்பத்திரி. இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் மோசம். டாக்டர் அம்மா சின்ன வயது. "லைட்டச் சுத்தி வளையம் தெரியுதா தாத்தா?" என்றார். "நிலாவுக்கும் தெரியுது" என்றேன். வசுமதி வடகம் கதையைச் சொல்லிவிட்டாள். டாக்டர் சிரித்தார். செவ்வாய்க்கிழமை வலது கண்.

பிப்ரவரி 17, திங்கள்

நாளை.

பிப்ரவரி 19, புதன்

முடிந்தது. வலியில்லை. காலையில் கட்டைப் பிரித்துக் கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். வலது கண்ணில் எல்லாம் கூசுகிறது.

ஒரு காகிதமும் கொடுத்தார்கள். வசுமதி வாங்கினாள். பையில் வைக்கவில்லை. என் கையில் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் அவளே கட்டிலுக்குப் பின்னால் குனிந்து கோழி பல்பைப் போட்டாள். "இன்னைக்கு ஒரு நாள் எரியட்டுங்" என்றாள்.

இடது கண்ணால் படித்தேன். பதினோரு வரி. நாலாவது வரி: ஒரு மாதம் தலைக்குக் குளிக்கக் கூடாது.

சத்தமாகப் படித்தேன். இரண்டு தடவை.

இன்று இவ்வளவு போதும் என்கிறாள்.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. தலைக்கு ஊற்றவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

ஒரு நாளைக்கு ஆறு தடவை சொட்டு மருந்து. வசுமதி பெட்டியில் சொல்லி வைத்திருக்கிறாள். நேரமானால், "மாமா, மருந்து போடுங்" என்று அவள் குரலிலேயே கூப்பிடுகிறது. முதல் நாள், வேலைக்குப் போனவள் எப்போது வந்தாள் என்று சமையலறை வரை போய்த் தேடினேன். சாயங்காலம் அவளிடம் சொன்னேன். மறுநாள் வேலைக்குப் போன இடத்திலும் அதை நினைத்து நினைத்துச் சிரித்தாளாம்.

கண் கூச்சம் குறைந்திருக்கிறது. நேற்று முற்றத்துச் சுவரைப் பார்த்தேன். அது மஞ்சள் என்று நினைத்திருந்தேன். வெள்ளை. என் வேட்டியும் வெள்ளை.

மார்ச் 9, ஞாயிறு

இன்று பழைய நோட்டுகளை எடுத்தேன். முதல் பக்கத்தில் எழுத்து எள் மாதிரி இருக்கிறது. பொங்கல் அன்று கொத்தமல்லி விதை. குண்டு பல்பு வாங்கிய நாளில் நிலக்கடலை. தைப்பூசத்தன்று ஒவ்வொரு எழுத்தும் எலுமிச்சம்பழம்.

நோட்டுக் கடைக்குப் போய் அவர் சொன்னதுதான் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ரெஜினா டீச்சரிடமும் ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது. அவர் சாக்பீஸ் அப்போதும் இப்போதும் ஒரே தடிமன்தான்.

மார்ச் 15, சனி

ரங்கநாதன் மறுபடி வந்தார். வசுமதிதான் கூப்பிட்டாளாம். அதற்கு முன்னால் என்னிடம், "உங்க ரூம் கோட்ட அவர்கிட்டக் காட்டலாமுங்களா மாமா? வேண்டாம்னா அழிச்சுடறேனுங்" என்று கேட்டாள்.

"காட்டு. கோழிப் பண்ணைன்னு சொன்னவராச்சே" என்றேன்.

திரை முன்னால் நின்று நானே படித்துக் காட்டினேன். ஜனவரியில் ஏறுகிற கோடு. பிப்ரவரி பத்தொன்பதில் உச்சி. அப்புறம் இறக்கம். நேற்று முப்பத்தைந்து. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "எங்கம்மாவும் பகல்லயே லைட்டப் போட்டுக்கறாங்க. நான் சத்தம் போட்டுட்டிருக்கேன்" என்றார்.

நாற்பத்தெட்டு வீடும் வரவில்லை. முதலில் நாலு வீட்டுக்குப் போடச் சொல்லியிருக்கிறார்கள். அவர் வீடு ஒன்று. வசுமதி கேசரி கிண்டினாள்.

போன வாரம் குண்டு பல்பைக் கருப்பாத்தாவிடம் கொடுத்தேன். அவள் பதினைந்து குஞ்சு வளர்க்கிறாள். "என்னத்துக்கு வாங்குனீங்க இத?" என்று கேட்டாள். சொன்னேன். அந்த வாய் என்ன சொல்லும் என்று காத்திருந்தேன். பல்பைப் பையில் வைத்துக்கொண்டு போனாள். மறுநாள் எனக்கு இரண்டு முட்டை கொண்டு வந்தாள்.

மார்ச் 23, ஞாயிறு

பரீட்சை எழுதிவிட்டேன்.

கேள்வித்தாளில் மங்கலாக ஒன்றும் இல்லை. ஒரு கேள்வி: உங்களைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதுக. நான் ஒன்பது எழுதினேன். ரெஜினா டீச்சர், "அஞ்சுதான் கேட்டாங்க ஐயா" என்றார். "மீதி நாலு இருக்கட்டுங்க, யாருக்காவது கொறஞ்சா சேத்துக்குங்க" என்றேன். கருப்பாத்தா பின்னாலிருந்து, "எனக்குத் தாங்க" என்றாள்.

முடிவு வர நாளாகும். இடது கண்ணை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று டாக்டர் அம்மா சொல்லியிருக்கிறார். இந்த முறை நானே தேதி கேட்டு வாங்கினேன்.

இப்போது மணி ஐந்து. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பக்கத்தில் பதினாறு வரி வந்துவிட்டது. இன்னும் இரண்டு கோடு பாக்கி.

அறை லைட் அணைந்திருக்கிறது. எப்போது அணைந்தது என்று தெரியவில்லை. நான் கையை ஆட்டவில்லை.